மணிக்கூண்டு நேரம்

பிப்ரவரி 3, செவ்வாய்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பட்டறையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் முடியாது. நான் பேனாவை எடுத்தால் என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். தன்னைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்வார். அது உண்மைதான், அதனால்தான் கஷ்டம்.

இன்று ஒரு பல் செட்டில் இடது கடைவாய்ப் பல்லை வலப்பக்கம் பதித்துவிட்டேன். மெழுகு ஆறிய பிறகுதான் கண்ணில் பட்டது. இத்தனை வருஷத்தில் இப்படி ஆனதில்லை. ஊரில் பாதிப் பேர் நான் செய்த பல்லைக் காட்டித்தான் சிரிக்கிறார்கள். நான் சிரித்து எவ்வளவு நாள் ஆயிற்று?

ஜன்னலோர நாற்காலி. காலையில் நான் கிளம்பும்போது இவர் அதில் இருப்பார், சாயங்காலம் திரும்பும்போதும் அதிலேயே இருப்பார். வைத்துவிட்டுப் போன சாப்பாடு சில நாள் பாதி இருக்கும், சில நாள் அப்படியே இருக்கும். டீயைத் தொடுவதே இல்லை. எட்டு மாசமாக இதுதான்.

இவர் லிஃப்ட் மெக்கானிக். இந்த வேலைக்கு எப்போதும் ஜோடியாகத்தான் போவார்கள். மேலே இருப்பவர் சிவப்பு சுவிட்சைப் போட்டு லிஃப்டை நிறுத்திய பிறகுதான் மற்றவர் கீழே குழியில் இறங்க வேண்டும். போன ஜூனில் ஒரு நாள் இவர் டீ வாங்கி வர வெளியே போனார். அதற்குள் கூட்டாளி அவசரப்பட்டுக் குழியில் இறங்கிவிட்டார். மூன்றாவது மாடியில் யாரோ லிஃப்டில் ஏறி, கீழே வரப் பட்டனை அழுத்தினார்கள். இவர் இரண்டு டீயோடு வந்து நின்றார்.

விசாரணையில் இவர் மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை இவர் படிக்கவே இல்லை.

பிப்ரவரி 4, புதன்

இறந்துபோன கூட்டாளியின் மனைவி இன்றும் போன் செய்தாள். இவர் எடுக்கவில்லை. நான்தான் எடுத்து, தூங்குகிறார் என்று சொன்னேன். "சரிக்கா, அப்புறம் பேசறேன்" என்றாள். எட்டு மாசமாகத் தூங்குகிறவரைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்கு நான் மட்டும் போனேன். திரும்பும் பஸ்ஸில் எழுதுகிறேன். தங்கச்சியும் அவள் வீட்டுக்காரரும் வந்திருந்தார்கள். அவருக்கு ரேடியோ என்று நாங்கள் வைத்த பெயர் சும்மா வைத்ததில்லை. நான் செருப்பைக் கழற்றுவதற்குள் மூன்று செய்தி சொல்லி முடித்துவிட்டார்.

கடற்கரைக்கு எல்லாரும் சேர்ந்து போவது என்று முடிவாகிவிட்டது. நாங்கள் ஆறு பேர். மூன்று நாள் ஒரு விடுதியில் தங்கல், போக வர ரயில். அண்ணன்தான் ஆரம்பித்தார். "மாப்பிள்ளைய இப்படியே விட்டா என்னத்துக்கு ஆகும்? கிளப்பிக் கூட்டிட்டு வா, நாங்க பார்த்துக்கறோம்." அண்ணன் திரைச்சீலைக் கடை வைத்திருக்கிறார். எதையும் இழுத்துவிட்டால் வெளிச்சம் வந்துவிடும் என்று நினைக்கிற ஆள். இருந்தாலும் அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

டிக்கெட் பொறுப்பு வழக்கம்போல என் தலையில். வழக்கம்போல என்னை வைத்துக் கேலியும் நடந்தது. வீட்டில் என் பெயர் மணிக்கூண்டு. இவர்கள் யாரும் எங்கேயும் நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரம் கிடையாது. அண்ணி கண்ணாடி முன்னால் நின்றால் அண்ணன் இன்னொரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். அதனால் எதற்கும் ஒரு மணி நேரம் முன்னதாகவே சொல்லிவைப்பேன். கொஞ்ச காலம் பலித்தது. பிறகு கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்கள் அந்த ஒரு மணி நேரத்தைக் கழிக்க ஆரம்பிக்க, நான் இன்னும் கூட்ட ஆரம்பிக்க, கடைசியில் யார் எப்போது வருவார்கள் என்று கடவுளுக்கே தெரியாமல் போயிற்று.

"இந்தத் தடவை உன் மணிக்கூண்டு நேரம் வேண்டாம்," என்றார் அண்ணன். "உள்ளதைச் சொல்லு. நாங்க என்ன சின்னப் பிள்ளைங்களா?"

"சத்தியம் பண்ணுக்கா," என்றாள் தங்கச்சி.

பண்ணினேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

இவரிடம் சொன்னேன். காதில் விழவில்லையோ என்று நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"எல்லாரும் வர்றாங்களா?"

"எல்லாரும்தான்."

"அப்ப சரி. கூட்டத்துல யாரும் என்னைப் பார்க்க மாட்டாங்க."

குழாயை மூடாமலே நின்றேன். சரி என்று சொல்லிவிட்டார். காரணம் என்னவாக இருந்தால் என்ன, சரி என்று சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 13, வெள்ளி

இவரைப் பார்க்கும் டாக்டரிடம் போனேன். இவர் வரவில்லை, நான் மட்டும். பயணத்தைப் பற்றிச் சொன்னதும் அவருக்கும் சந்தோஷம்தான். ஆனால் கதவு வரை வந்து சொன்னார்: "கிளப்பிட்டீங்கன்னா பாதியில திரும்ப விட்டுடாதீங்க. திரும்பிப் போய் அந்த நாற்காலியில உட்கார்ந்துட்டார்னா, அடுத்த தடவை எழுப்பறது ரொம்ப கஷ்டம்."

மாத்திரை டப்பாவை ஏன் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன் என்று அவர் கேட்கவில்லை. போன மாதம் ஒரு நாள் இவர் அந்த டப்பாவை மடியில் கவிழ்த்துக் கொட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சும்மா பார்த்தேன்" என்றார். அன்றிலிருந்து அது என் பையில்தான். பட்டறைக்கு வந்தால் அதுவும் கூடவே வரும். எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. மாற்றிவிட்டுக் காவல் இருக்க ஆள் கிடையாது.

நான் பயந்துபோயிருக்கிறேன். இதை இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

குரூப்பில் போட்டேன்: வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வண்டி, பத்தரைக்கு ஸ்டேஷன் வாசலில் இருக்கணும், இது நிஜ நேரம். எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

பிப்ரவரி 19, வியாழன்

முந்தாநாள் அவராகவே பையில் இரண்டு சட்டை மடித்து வைத்தார். நேற்று வந்து பார்த்தால் சட்டைகள் திரும்ப அலமாரியில். எடுத்து மறுபடி வைத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பையோடு மல்லுக்கு நிற்கிற மாதிரி இருந்தது.

நாளைக்கு இந்நேரம் ரயிலில் இருப்போம். ரயில் ஏறிவிட்டால் போதும். கடல் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

பிப்ரவரி 20, வெள்ளி, ஸ்டேஷனில்

பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். சும்மா உட்கார முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். பத்து மணிக்கே வந்துவிட்டோம். ஆட்டோவில் ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை நின்றார். இரண்டு முறையும் காத்திருந்தேன். இப்போது பக்கத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருக்கிறார். வந்துவிட்டார். பாதிக் கிணறு தாண்டியாச்சு.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "கிளம்பிட்டோம்" என்கிறார். பின்னால் தண்ணீர் கொட்டுகிற சத்தம். காருக்குள்ளே யார் குளிக்கிறார்கள்?

*

பத்தரை தாண்டிவிட்டது. யாரும் வரலை. அண்ணன் எடுக்கலை, ரேடியோ எடுக்கலை.

இவர் கேட்கிறார், "எங்க அவங்க?"

வந்துட்டே இருக்காங்க என்றேன்.

*

தங்கச்சி எடுத்தாள். கேக் வாங்க நிறுத்தியிருக்காங்களாம். கேக். ஏன்க்கா பதறுறே, வண்டி பன்னெண்டு மணிக்குத்தானே என்கிறாள்.

பதினொண்ணுடி, பதினொண்ணுன்னு எழுதித்தானே போட்டேன். நிஜ நேரம்னு எழுதினேனே.

"நிஜமாவே நிஜமா?" என்கிறாள்.

கடவுளே. உண்மையைச் சொன்னேன், ஒருத்தரும் நம்பலை. நாலு பேரும் ஒரு மணி நேரத்தைக் கழிச்சுட்டு ஹாயா உட்கார்ந்திருக்காங்க. யாரைத் திட்டறது? என் வாயையே கிழிச்சுக்கணும் போல இருக்கு.

*

வண்டி வந்து நிற்குது. ஆறு பேருக்கும் ஒரே தாள், அது என் கையில. அது இல்லாம அவங்களை கேட்டுக்குள்ள விட மாட்டாங்க. போட்டோ எடுத்து அனுப்பலாம்னு பார்த்தா, போட்டோ செல்லாதாம்.

"நான் வீட்டுக்குப் போறேன்" என்கிறார் இவர். "நீ அவங்களோட போயிட்டு வா."

அடுத்த வண்டி நாளன்னைக்குத்தான். நாளன்னைக்கு இவர் வர மாட்டார். எனக்குத் தெரியும். இன்னைக்கு விட்டா இனிமே அந்த நாற்காலிதான். டாக்டர் சொன்னாரே. பாதியில விட்டுடாதீங்கன்னு சொன்னாரே.

ஏத்திட்டேன். கையைப் பிடிச்சு இழுத்து ஏத்தி சீட்டுல உட்கார வச்சுட்டேன். அவங்க வாசலுக்கு வந்துட்டாங்களாம், தாளைக் கொண்டு போகணும்

பிப்ரவரி 21, சனி

கடற்கரை விடுதி. இவர் தூங்குகிறார், நிஜமாகவே தூங்குகிறார். நேற்று பாதியில் விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன்.

நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். "ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்" என்றேன். இவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "போகாதே" என்றார். மாதக்கணக்கில் அவராக என்னிடம் எதையும் கேட்டதில்லை. முதல் தடவையாகக் கேட்டதையும் நான் கொடுக்கவில்லை. கையை உதறிவிட்டு ஓடினேன். இவர் வந்ததே கூட்டத்தை நம்பித்தானே, கூட்டம் வராமல் நாங்கள் இரண்டு பேரும் எங்கே போவது? அப்படித்தான் அப்போது தோன்றியது.

படி ஏறி, பாலம் கடந்து, படி இறங்கி கேட்டுக்குப் போனால் நாலு பேரும் நிற்கிறார்கள். அண்ணன் இரண்டு பெட்டி, ரேடியோ இரண்டு பெட்டி, தங்கச்சி கையில் கேக் டப்பா, அண்ணி கையில் ஹீல்ஸ் செருப்பு. கேட்டுக்காரர் தாளை வாங்கி ஒவ்வொரு பெயராகப் படித்தார். பரீட்சை பேப்பர் திருத்துகிறவர் மாதிரி படித்தார். அவரைக் கடித்துவிடலாம் என்று தோன்றியது.

திரும்ப ஓடினோம். பாலத்தின் மேல் இருக்கும்போதே வண்டி நகர ஆரம்பித்துவிட்டது.

மேலிருந்து பார்க்கிறேன். வண்டியின் கூரை எனக்குக் கீழே மெதுவாக ஊர்ந்து போகிறது. அதற்குள்ளே இவர் தனியாக. கையில் டிக்கெட் இல்லை, போன் இல்லை, போன் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டார். போகாதே என்று சொன்ன மனுஷனை நான் விட்டுட்டு வந்துட்டேன். எங்கே இறங்குவார்? இறங்குவாரா? கதவுப் பக்கம் நிற்கிறாரோ? என்னென்னவோ நினைத்தேன், எழுத முடியாது. கால் ஓடிக்கொண்டே இருந்தது. படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினேனாம். தங்கச்சி சொல்கிறாள், எனக்கு நினைவில்லை.

பிளாட்பாரத்துக்கு வந்தபோது கடைசிப் பெட்டிகள் போய்க்கொண்டிருந்தன. அண்ணன் மூச்சு வாங்கியபடி, "விடும்மா, கார்லயே துரத்திப் போய் அடுத்த ஸ்டேஷன்ல பிடிச்சுடலாம்" என்றார். ரேடியோ முதன்முறையாக வாயே திறக்கவில்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

அப்போது பிரேக் போடுகிற சத்தம் கேட்டது. காது கிழிகிற மாதிரி நீளமான சத்தம். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

எங்கள் பெட்டி பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில். வாசலில் இவர் நின்றுகொண்டிருந்தார். இடது கை கதவுக் கம்பியில், வலது கை உள்ளே சுவரில் இருக்கிற சிவப்புக் கைப்பிடியில். கார்டும் இன்னொருவரும் அந்தக் கையைப் பிடுங்கப் பார்க்கிறார்கள், இவர் விடவில்லை. பெட்டியில் இருக்கிற அத்தனை பேரும் இவரைத்தான் பார்க்கிறார்கள். யாரும் பார்க்கக் கூடாது என்று கூட்டத்தோடு வந்த மனுஷன்.

"இன்னும் அஞ்சு பேர் ஏறலை," என்று கத்திக்கொண்டிருந்தார். "என் வீட்டுக்காரி கீழ நிக்கறா."

"அதுக்காக இதைப் பிடிச்சா சார் இழுப்பீங்க?"

"வேற எதை இழுக்கறது? நிறுத்தறதுக்குன்னு இது ஒண்ணுதானே வச்சிருக்கீங்க?"

அந்தக் குரலை நான் மறந்தே போயிருந்தேன். வேலையிடத்தில் மாடி விட்டு மாடி கேட்கிற குரல்.

ஏறினோம். பெட்டி, கேக், செருப்பு எல்லாம் ஏறியது. நான் கடைசியாக ஏறும்போது இவர் கைப்பிடியை விட்டுவிட்டு என் தோளைப் பிடித்தார். எண்ணினார். வாய்விட்டு, எங்கள் ஒவ்வொருவரையும் தொட்டுத் தொட்டு எண்ணினார். பிறகுதான் கார்டைப் பார்த்து, "இப்ப போகலாம்" என்றார்.

கார்டு அபராதம் எழுதினார், திட்டோ திட்டு என்று திட்டினார். அண்ணன் கும்பிட்டு, குனிந்து, கட்டினார். எங்களால் எத்தனை பேருக்குத் தாமதமோ. நியாயமான திட்டுத்தான்.

வண்டி கிளம்பியது. கேக் ஒரு பக்கமாகச் சரிந்து டப்பாவில் ஒட்டிக்கொண்டிருந்தது. தங்கச்சி அழுதுகொண்டே அதை வழித்து வழித்து எல்லாருக்கும் கொடுத்தாள். "நீ பயந்தாங்கொள்ளி, சத்தியம் பண்ணாலும் ஒரு மணி நேரம் சேர்த்துத்தான் சொல்லியிருப்பேன்னு நினைச்சோம்க்கா." இவர் இரண்டு துண்டு சாப்பிட்டார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிப்ரவரி 22, ஞாயிறு

இன்று இவர் அறையைவிட்டு வெளியே வரவில்லை. மற்றவர்கள் கடலுக்குப் போனார்கள். நானும் உள்ளேயே இருந்தேன். ஒரு கைப்பிடியை இழுத்ததால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்திருந்தேனா? நினைத்திருந்தேன். முட்டாள்.

பிப்ரவரி 23, திங்கள்

அதிகாலையில் எழுந்து, "வா, நடக்கலாம்" என்றார். மணலில் யாரும் இல்லை. கால் நனையாத தூரத்திலேயே நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் நின்றார்.

"ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்னு சொன்னே."

"ஆமாங்க. தப்புத்தான்."

"தப்புன்னு சொல்லலை. நானும் அவன்கிட்ட அதையேதான் சொன்னேன். ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன், அதுவரைக்கும் இறங்காதேன்னேன். கடையில கூட்டம். பால் வேற தீர்ந்துபோச்சு. நான் நின்னுட்டேன். திரும்பி வந்து சுவிட்சைப் போட்டுட்டு, டீ வேண்டாண்டான்னு சொல்லியிருக்கலாம். நின்னுட்டேன்."

எட்டு மாதத்தில் இதை யாரிடமும் சொல்லவில்லை. விசாரணையில் சொல்லவில்லை, டாக்டரிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. அழுதார். சின்னப் பிள்ளை மாதிரி மூக்கு ஒழுக அழுதார். உங்கள் தப்பில்லை என்று ஆயிரம் தடவை சொல்லியாகிவிட்டது, அது காதோடு சரி. அதனால் அதைச் சொல்லவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டேன்.

"வண்டி நகர்ந்ததும் ஒண்ணுதான் தோணுச்சு," என்றார். "இன்னொரு தடவை நிக்க மாட்டேன்."

திரும்பி வரும்போது அண்ணன் விடுதி வாசலில் தலையெல்லாம் கலைந்து நின்றார். "எங்க போனீங்க, தேடிட்டு இருக்கோம். சாப்பிட எத்தனை மணிக்கு வரச் சொன்னேன்?" என்றார். அண்ணன் வாயால் இதைக் கேட்க இத்தனை வருஷம் ஆயிற்று.

பிப்ரவரி 26, வியாழன்

வீடு, பட்டறை, பழைய கதை. நேற்றுக் காலையில் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். சாயங்காலம் வந்து பார்த்தால் நாற்காலி ஜன்னலை விட்டு மேஜைப் பக்கம் நகர்ந்திருந்தது. அவ்வளவுதான், வேறு ஒன்றுமில்லை. எழுதிவைக்கிறேன்.

மார்ச் 6, வெள்ளி

இன்று மோசமான நாள். எழுந்திருக்கவே இல்லை. லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

டாக்டரிடம் இந்த முறை இரண்டு பேரும் போனோம். உள்ளே இவர் மட்டும் போனார். வெளியே காத்திருந்த நேரமெல்லாம் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், பழக்கதோஷம்.

மார்ச் 15, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை, அதனால் வீட்டில்தான் எழுதுகிறேன். மேஜையில், வெளிப்படையாக.

காலையில் கூட்டாளியின் மனைவி போன் செய்தாள். நான் எடுத்து, வழக்கமான பொய்யைச் சொல்ல வாயைத் திறந்தேன். இவர் வந்து கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். "நான்தாம்மா பேசறேன்" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "வர்றேன், இன்னிக்கே வர்றேன்" என்றார்.

ஷேவ் செய்துகொண்டார். சட்டையை அவரே இஸ்திரி போட்டார், காலரில் ஒரு பக்கம் சுருக்கம் போகவில்லை. நானும் வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். மாத்திரை டப்பா இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது. தைரியம் எல்லாம் அவ்வளவுதான் எனக்கு.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். "வந்துடறேன்" என்று சொல்ல வந்து, அதை விழுங்கிவிட்டு, வேறொன்றைச் சொன்னார்.

"அங்க டீ குடிச்சுட்டுத்தான் வருவேன். லேட்டாகும். நீ சாப்பிட்டுடு."

எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை. லேட்டாகட்டும்.